எஞ்சின் உறங்க, சக்கரம் ஓட

மும்பை குர்லாவில் சி.எஸ்.டி. சாலையை ஒட்டிப் பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இப்படிப் பிரித்துப் போட்ட கியர் பாக்ஸ் ஒன்றைத் திறந்து உள்ளே பார்த்தால், வெள்ளிபோல மின்ன வேண்டிய மெயின் ஷாஃப்டில் சில சமயம் ஓர் அங்குல அகலத்துக்கு நீலம் பாய்ந்திருக்கும். அது துரு இல்லை, அழுக்கும் இல்லை. எஃகு சூடேறும்போது சுமார் 220 டிகிரி செல்சியஸில் அதன் மேற்பரப்பு வைக்கோல் மஞ்சளாகும். 280-ஐ ஒட்டி ஊதாவாகும். 300-ஐத் தொடும்போது நீலம். அந்த இடத்தில் எண்ணெய் இல்லாமல் உலோகமும் உலோகமும் நெடுநேரம் உரசியிருக்கின்றன என்று அந்த நிறம் சொல்லிவிடுகிறது.

வண்டியைத் தாறுமாறாக ஓட்டினால்தான் இப்படி ஆகும் என்பதில்லை. எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, இன்னொரு வண்டியின் பின்னால் கட்டி நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு போனாலும் ஆகும். எஞ்சின் ஓடாத காருக்குத் தேய்மானம் ஏது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் இழுபடும் காரின் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. வழக்கமாக எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றும். இப்போது சக்கரம் உள்ளே இருப்பவற்றைச் சுழற்றுகிறது. எதுவரைக்கும் சுழற்றுகிறது, அதுவரைக்கும் எண்ணெய் போய்ச் சேர்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அமெரிக்காவில் இது அன்றாடக் கேள்வி. பஸ் அளவுள்ள மோட்டார் ஹோமில் ஊர் சுற்றுபவர்கள் அதன் பின்னால் ஒரு சின்னக் காரையும் நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்துக்கொண்டு போவார்கள். பெரிய வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, காய்கறி வாங்கவும் ஊர் பார்க்கவும் சின்னக் காரை எடுத்துக்கொள்வார்கள். நம் பக்கம் அந்தப் பெரிய வண்டியைப் போன்ற ஒன்றை மும்பைக்காரர்கள் பலர் முதலில் பார்த்தது சினிமா படப்பிடிப்பில்தான். நடிகை பூனம் தில்லான் அறிமுகப்படுத்திய வேனிட்டி வேன் இன்று ஒவ்வொரு படப்பிடிப்புத் தளத்திலும் நிற்கிறது. 2021-ல் கேரளம், இத்தகைய வண்டியில் ஊர் சுற்றும் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. தாராவியிலோ செம்பூரிலோ இருக்கும் ஒரு திருநெல்வேலிக் குடும்பம், கேரவன் ஒன்றில் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணித்துச் சொந்த ஊருக்குப் போக நினைப்பது இனிமேல் நடக்காத காரியமில்லை. பின்னால் ஒரு காரைக் கட்டிக்கொள்ளலாமா, கட்டுவதென்றால் எந்தக் கார் என்று கேட்டால், எடை குறைந்ததாகப் பாருங்கள் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் கியர் பாக்ஸைத் திறந்து பார்ப்போம்.

மும்பையின் கருப்பு மஞ்சள் டாக்சியாக அறுபது ஆண்டு ஓடிய பிரீமியர் பத்மினியை எடுத்துக்கொள்வோம். செம்பூருக்குப் பக்கத்திலேயே, குர்லா ஆலையில் பிறந்த கார் அது. எடை சுமார் 900 கிலோ. எஞ்சின் முன்னால், ஓட்டும் சக்கரம் பின்னால். அதன் கியர் பாக்ஸில் எஞ்சினிலிருந்து வரும் தண்டு ஒன்று, பின்சக்கரத்துக்குப் போகும் மெயின் ஷாஃப்ட் ஒன்று, இரண்டுக்கும் கீழே லே ஷாஃப்ட் என்ற மூன்றாவது தண்டு ஒன்று. கியர் ஆயில் தேங்கி நிற்பது அடியில். லே ஷாஃப்டின் பற்சக்கரங்கள் அந்த எண்ணெயில் முழுகிச் சுழன்று, அதை மேலே வாரி இறைக்கின்றன. மேலே இருக்கும் ஒவ்வொரு உறுப்பும் இந்த இறைப்பை நம்பித்தான் பிழைக்கிறது. பம்ப் கிடையாது.

லே ஷாஃப்டைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, காரைக் கட்டி இழுக்கும்போது லே ஷாஃப்ட் அசையாமல் நிற்கிறது. அதோடு பல் பொருந்தியிருக்கும் மேல் கியர்களும் அப்படியே நிற்கின்றன. ஆனால் மெயின் ஷாஃப்ட் பின்சக்கரத்தோடு பிணைந்தது. அது சுழன்றாக வேண்டும். நின்றுபோன கியர்களின் துளைக்குள்ளே தண்டு மட்டும் சுழல்கிறது. இறைக்கிற கை நின்றுவிட்டதால் எண்ணெய் வரத்து இல்லை. ஏற்கெனவே ஒட்டியிருந்த படலம் சில கிலோமீட்டர் தாங்கும். பழுதான டாக்சியை மாட்டுங்காவிலிருந்து குர்லாவுக்கு இழுத்துப் போனதில் எந்தப் பத்மினியும் கெட்டுப்போகாததற்கு அதுதான் காரணம்.

அதையே ஊர்வரை இழுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். சின்னக் காரின் டயர் சுற்றளவு ஏறத்தாழ 1.7 மீட்டர். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரில் ஒவ்வொரு சக்கரமும் சுமார் 9 லட்சம் சுற்று சுற்றும். சக்கரத்துக்கும் மெயின் ஷாஃப்டுக்கும் நடுவே நாலுக்கு ஒன்று என்ற அளவில் பல் விகிதம் இருக்கிறது. ஆக மெயின் ஷாஃப்ட் 35 லட்சம் சுற்று சுற்றும். அத்தனையும் வறண்ட உரசலில்.

முன்சக்கரத்தால் ஓடும் கார்களில் அமைப்பே வேறு. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 தொடங்கி ஆல்டோ, வேகன் ஆர் வரை நம் தெருக்களில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். இவற்றில் கியர் பாக்ஸும், இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலும் ஒரே பெட்டிக்குள், ஒரே எண்ணெய்க்குள் இருக்கின்றன. டிஃபரென்ஷியலின் பெரிய பற்சக்கரம் அடியில் எண்ணெயைத் தொட்டபடி இருக்கிறது. அதைச் சுழற்றுவது எஞ்சின்தான் என்றில்லை, தரையில் உருளும் சக்கரமே போதும். எஞ்சின் அணைந்திருந்தாலும் கார் நகர்ந்துகொண்டிருக்கும்வரை எண்ணெய் இறைபடும். சாதாரண மேனுவல் கியருள்ள முன்சக்கர ஓட்டக் கார் இழுபடுவதற்கு இயல்பாகவே ஏற்றது என்று சொல்வதற்கு அடிப்படை இந்த ஒரு பற்சக்கரம்தான். ஆனாலும் பெட்டிக்குப் பெட்டி எண்ணெய்ப் பாதை மாறும். இழுக்கலாமா, எத்தனை வேகத்தில், எத்தனை தூரம் என்று காரோடு தரும் கையேட்டில் எழுதியிருப்பதே கடைசிச் சொல்; கையேடு வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஆட்டோமேட்டிக் கியரில் எண்ணெயைச் செலுத்துவது ஒரு பம்ப். பம்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும், உள்ளே தட்டுகளும் பேரிங்குகளும் உலர்ந்து உரசும். இதிலும் விலக்கு உண்டு. ஹோண்டா சி.ஆர்.-வி. காரை 2014 மாடல் வரை அமெரிக்காவில் தரையில் உருட்டியே இழுக்க அனுமதி இருந்தது. ஆனால் அதற்கு ஒரு சடங்கு வேண்டும்: எஞ்சினை ஓட்டி, கியர்களை ஒவ்வொன்றாக மாற்றி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிறகு அணைக்க வேண்டும். எண்ணெயை எல்லா மூலைக்கும் அனுப்பிவைக்கத்தான் அந்த மூன்று நிமிடம். 2015-ல் கியர் பாக்ஸின் வகை மாறியதும் அந்த அனுமதியும் போய்விட்டது. பெயர் அதே, உருவமும் ஏறக்குறைய அதே. உள்ளே எண்ணெயின் வழி மாறிவிட்டது.

2014-ல் மாருதி செலேரியோ மூலம் பரவலான ஏ.எம்.டி. வகையைப் பலர் ஆட்டோமேட்டிக் என்றே நினைக்கிறார்கள். அதன் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் பெட்டிதான். கிளட்சையும் கியரையும் மாற்ற ஓர் இயந்திரக் கை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கியரில் நிறுத்திய நிலையில் பேட்டரி செத்துவிட்டால் அந்தக் கை அசையாது, நியூட்ரலுக்கு வர முடியாது. இழுக்க நினைப்பவர் இதை மறக்கக் கூடாது.

மின்சாரக் காரைப் பார்த்தால் ஆசை வரும். 2023-ல் வந்த எம்.ஜி. காமெட் மூன்று மீட்டர் நீளம்கூட இல்லை. எடை 800 கிலோவைக் கொஞ்சம் தாண்டும். கேரவனுக்குப் பின்னால் கட்ட இதைவிட வாகானது உண்டா என்று தோன்றும். ஆனால் அதன் பின்சக்கரங்கள் நிலைக்காந்த மோட்டாரோடு நேரடியாகப் பிணைந்தவை. நடுவே பிரித்துவிடக் கிளட்ச் இல்லை. சக்கரம் சுழன்றால் மோட்டார் சுழலும்; சுழலும் மோட்டார் ஜெனரேட்டராகிவிடும். வேகம் கூடக்கூட மின்னழுத்தமும் கூடும். கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகள் விழித்திருக்காத நேரத்தில் அந்த மின்சாரம் போகக் கூடாத இடத்துக்குப் போகும். ஓட்டும் சக்கரம் தரையில் பட மின்சாரக் காரை இழுக்கக் கூடாது. மேடை வண்டியில் ஏற்ற வேண்டும்.

நோ பார்க்கிங்கில் நிற்கும் காரை மும்பைப் போக்குவரத்துப் போலீசின் டோயிங் வண்டி தூக்கிப் போவதைக் கிங்ஸ் சர்க்கிளில் நின்று பார்த்தாலே இந்தப் பாடம் கிடைத்துவிடும். முன்சக்கர ஓட்டக் காரின் முன்பக்கத்தைத் தூக்கினால், கியர் பாக்ஸோடு பிணைந்த இரண்டு சக்கரமும் காற்றில் தொங்கும். பின்சக்கரம் வெறுமனே உருண்டு வரும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்காதவரை. மாருதி ஆம்னி, ஈக்கோ போன்ற பின்சக்கர ஓட்ட வண்டியை அதே மாதிரி முன்னால் தூக்கினால் பத்மினியின் கதைதான். எந்த முனையைத் தூக்குவது என்பதை முடிவு செய்வது வண்டியின் முகமில்லை, அதன் ஓட்டும் அச்சு.

இனி எடைக்கு வருவோம். 3,500 கிலோ கேரவன், பின்னால் 800 கிலோ கார். கேரவன் பிரேக் போடும்போது தரையைப் பிடித்து நிறுத்துவது அதன் டயர்கள் மட்டும்தான்; பின்னால் வரும் காரின் பிரேக்கை மிதிக்க ஆளில்லை. 3,500 கிலோவைத் தாங்கும் டயர்களின் பிடிப்பு 4,300 கிலோவை நிறுத்தியாக வேண்டும். நிற்கும் தூரம் இதனால் ஏறக்குறைய 23 சதவீதம் கூடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த சாலையில் 20 மீட்டரில் நின்றிருக்க வேண்டிய வண்டி 25 மீட்டரில் நிற்கும். ஜூலை மழையில் நனைந்த சாலையில் 35 மீட்டர் 43 மீட்டராகும். கூடிய அந்த எட்டு மீட்டருக்குள் ஒரு பள்ளிக் குழந்தை இருக்கலாம் என்பதால்தான் எடையைப் பற்றி இத்தனை கறாராகப் பேச வேண்டியிருக்கிறது.

இது சமதரைக் கணக்கு. மும்பையிலிருந்து தெற்கே போக புனே வழியைப் பிடித்தால் போர் காட் குறுக்கே நிற்கும். 1863-ல் அந்த மலையில் ரயில் ஏறியபோது ஏற்றம் 37-க்கு 1 என்ற அளவில் இருந்தது. இன்றும் அங்கே ரயிலைப் பின்னாலிருந்து தள்ளக் கூடுதல் எஞ்சின் வைக்கிறார்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. திரும்பி வரும்போது கண்டாலாவிலிருந்து கோப்போலி வரை சுமார் 500 மீட்டர் உயரம் இறங்க வேண்டும். 800 கிலோ காரின் பங்குக்கு மட்டும் வெளிப்படும் ஆற்றல் 39 லட்சம் ஜூல். 12 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். எஞ்சின் பிரேக்கிங் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்; மீதி முழுவதும் கேரவனின் பிரேக் தட்டில் வெப்பமாக இறங்கும், கேரவனின் சொந்த எடை தரும் வெப்பத்துக்கு மேலாக. பிரேக் திரவம் கொதித்து ஆவியானால் பெடல் வெறுமனே கீழே போகும்.

இதற்கான விடையை ரயில்வே எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. மாட்டுங்காவில் நூறாண்டு கடந்த ரயில் பணிமனைக்குப் பழுதுபார்க்க வரும் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் அதற்கென்று தனி பிரேக் இருக்கும். எஞ்சின் ரயிலை நிறுத்துவதில்லை. ஒவ்வொரு பெட்டியும் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல் உருவாக்கிய தானியங்கிக் காற்று பிரேக்கின் மேதைமை இன்னொரு இடத்தில் இருக்கிறது: குழாயில் காற்றழுத்தம் இருந்தால் பிரேக் விடுபடும், அழுத்தம் போனால் பிரேக் பிடிக்கும். பெட்டி கழன்று குழாய் அறுந்தால் தானே நின்றுவிடும். இழுபடும் காருக்கும் இதே இரண்டும் வேண்டும்: கேரவன் பிரேக் போடும்போது காரின் பெடலையும் அழுத்தும் ஒரு கருவி, இணைப்பு அறுந்தால் தானே பிரேக் பிடிக்கும் ஒரு கம்பி. எஞ்சின் அணைந்த காரில், மிதியின் அழுத்தத்தைப் பெருக்கும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். அதைத் தாண்டி அழுத்தும் பலம் அந்தக் கருவிக்கு இருக்க வேண்டும்.

அடுத்து, இரண்டு வண்டியையும் இணைக்கும் கயிற்றைப் பற்றி. லாரிக்காரர்கள் கட்டி இழுக்கும்போது முன்வண்டி சட்டென்று வேகம் எடுத்தால், தொய்ந்த கயிறு விறைத்து ஒரு வெட்டு வெட்டும். 700 கிலோ காருக்கும் முன்வண்டிக்கும் வேக வித்தியாசம் விநாடிக்கு ஒரு மீட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. பத்து சென்டிமீட்டர் நீளும் நைலான் கயிற்றில் சராசரி இழுவிசை 350 கிலோ எடைக்குச் சமம். ஒரு சென்டிமீட்டர் மட்டும் இடம் கொடுக்கும் இரும்புச் சங்கிலியில் அதுவே மூன்றரை டன். சின்னக் காரின் முன்னால் திருகிக் கொடுத்திருக்கும் கொக்கி இதற்காகச் செய்ததில்லை. நெடுந்தூரத்துக்குக் கயிறும் ஆகாது, சங்கிலியும் ஆகாது. இரண்டு கால் கொண்ட முக்கோண இரும்புச் சட்டம்தான், அதுவும் பம்பரில் மாட்டாமல் உடற்சட்டத்தில் பதித்த தகட்டில்.

முக்கோணச் சட்டத்தில் பிணைத்த காரின் ஸ்டியரிங்கை யாரும் பிடிக்க வேண்டியதில்லை. விமான நிலையத் தள்ளுவண்டியின் முன்சக்கரம் போல, காரின் முன்சக்கரமும் தன் திருப்பு அச்சுக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொடுகிறது. இழுக்கும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்ளும். ஸ்டியரிங் பூட்டு மட்டும் திறந்திருக்க வேண்டும். பின்னோக்கி வந்தால் இதே குணம் எதிரியாகிவிடும். சக்கரம் ஒரு பக்கமாக முழுக்க மடங்கி, கார் குறுக்கே போய்ச் சட்டத்தை முறுக்கும். தாராவியின் 90 அடி சாலையிலிருந்து தவறான சந்துக்குள் இப்படி நுழைந்துவிட்டால், காரைக் கழற்றாமல் வெளியே வர முடியாது.

லேசான கார் மழைக்காலத்தில் வேறு முகம் காட்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. கிங்ஸ் சர்க்கிளின் காந்தி மார்க்கெட்டோ சாதாரண மழைக்கே முழங்கால் தண்ணீரில் நிற்கும். 600 கிலோ டாடா நானோவின் அடித்தளப் பரப்பு ஏறக்குறைய 4.6 சதுர மீட்டர். ஆர்க்கிமிடீஸ் கணக்குப்படி, அடித்தளத்துக்கு மேல் 13 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறினால் அது இடம்பெயர்க்கும் நீரின் எடை 600 கிலோ. தரை இடைவெளி 18 சென்டிமீட்டரைச் சேர்த்தால் வெறும் ஓர் அடித் தண்ணீர். கதவிடுக்கில் நீர் புகும்வரை கார் மிதக்கும், டயரின் பிடிப்பு போய்விடும். இழுபடும் காரில் ஆள் இல்லாததால் எடை இன்னும் குறைவு.

இந்திய நெடுஞ்சாலையில் இதையெல்லாம் செய்ய அனுமதி உண்டா? 1989-ல் வகுத்த சாலை ஒழுங்குமுறைகள், பழுதான வண்டியை மட்டுமே, பக்கத்துப் பட்டறை வரைக்கும் என்பது போன்ற தேவைக்கு மட்டுமே இழுக்கலாம் என்றன. நடுவே ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் அவை சொல்லின. 2017-ல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தபோதும் நல்ல நிலையில் உள்ள காரைச் சும்மா கட்டி இழுக்க வழி திறக்கவில்லை. இந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன். தனி பிரேக் இல்லாத ஒரு கார் போர் காட்டில் இறங்குவதைச் சட்டம் தடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. நம் ஊரில் மிச்சமிருக்கும் வழி, பதிவு செய்த டிரெய்லரில் காரை ஏற்றிப் போவது. சக்கரம் தரையில் படாது; கியர் பாக்ஸ் கவலை அடியோடு ஒழிந்தது. ஆனால் இங்கே எடையே முழு ராஜ்யத்தையும் எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால் இரும்புச் சட்ட டிரெய்லர் காலியாகவே 400, 500 கிலோ இருக்கும்.

அதன்மேல் எதை ஏற்றுவது? நாலு சக்கர வண்டிகளில் மிக லேசானது பஜாஜ் கியூட். பெட்ரோல் வண்டி சுமார் 400 கிலோதான். சட்டத்தின் கண்ணில் அது கார் இல்லை, குவாட்ரிசைக்கிள். ஊருக்குள் கடைக்கும் கோயிலுக்கும் போய்வர அது தாராளம். நான்கு பேர் வசதியாக உட்கார வேண்டுமென்றால் பழைய மாருதி 800 சுமார் 650 கிலோ. நானோ அதைவிடக் குறைவு. 2009 மார்ச்சில் மும்பையில்தான் அதை விற்பனைக்கு அறிமுகம் செய்தார்கள். உற்பத்தி நின்று ஆண்டுகள் ஆனாலும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது.

ஆனால் நானோவை ஏற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரெய்லர் நேராக வர, சுமையின் மையம் அதன் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு கேரவனின் கொக்கியை அழுத்த வேண்டும். மையம் அச்சுக்குப் பின்னால் போனால், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டிரெய்லர் பாம்புபோல் இருபுறமும் வீசத் தொடங்கும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். எல்லாக் கார்களையும் போல நானோவையும் முகம் முன்னால் வர ஏற்றினால், அதன் எஞ்சின் பின்சீட்டுக்கு அடியில் இருப்பதால் கனத்தின் பெரும்பகுதி அச்சுக்குப் பின்னால் விழக்கூடும். அதனால் நானோவைப் பின்பக்கமாக ஏற்ற வேண்டும், எஞ்சின் கேரவனின் பக்கம் வரும்படி. மாருதி 800 என்றால் வழக்கம்போல முகம் முன்னால். இரண்டிலும் சக்கரத்தை வார் போட்டு இறுக்கிவிட்டு, கொக்கிக்கு அடியில் ஒரு எடை மெஷினை வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 1,100 கிலோ மொத்தச் சுமைக்கு முள் 110 கிலோவை ஒட்டி நின்றால் சரி.